செலவு, ரூபாய் ஒன்று

ஒரே ஒரு ஊரிலே, ராஜாவும் இல்லாத மந்திரியும் இல்லாத ஊரிலே, பதினைந்து வார்டும் ஒரு பேரூராட்சி அலுவலகமும் அந்த அலுவலகத்தில் ஓயாமல் முனகுகிற ஒரு மின்விசிறியும் இருந்தனவாம். ஊருக்குப் பேர் ஏழுமடை. மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து வருசா வருசம் ஊரின் வரவு செலவுத் திட்டத்தை எழுதுகிறவளுக்குப் பேர் ஆவுடைச்செல்வி. அவள் எழுதினால்தான் தெருவிளக்கு எரியும், அவள் எழுதினால்தான் கொசுமருந்து புகையும், அவள் ஒரு வரியை விட்டுவிட்டால் அந்த வரிக்குரிய காரியம் அந்த வருசம் முழுக்க ஊரில் நடக்காது. இது எல்லா ஊருக்கும் உள்ளதுதான், இதில் அதிசயம் ஒன்றும் இல்லை.

செலவுப் பக்கத்தில் மொத்தம் நூற்றுப் பதினொரு வரி. அறுபத்திரண்டாவது வரி தெருநாய்கள் பிடித்து அப்புறப்படுத்துதல், நாற்பது உருப்படி. அறுபத்து நான்காவது வரி உரிமை கோரப்படாத பிரேதங்கள் அடக்கம், மூன்று உருப்படி. இரண்டுக்கும் நடுவே அறுபத்து மூன்றாவது வரி ஒன்று உண்டு, அதில் ‘செலவு’ என்று மட்டும் எழுதி, நேரே ஒரு ரூபாய் போட்டிருக்கும். இதற்கு ஜோடியாக வரவுப் பக்கத்தில் ‘வரவு’ என்று ஒரு வரி, அதற்கும் ஒரு ரூபாய். யாரும் அந்த ரூபாயை வசூலித்ததும் இல்லை, யாரும் அந்த ரூபாயை எடுத்துச் செலவழித்ததும் இல்லை. போன வருசத்துத் தாளைப் பார்த்து இந்த வருசத்துத் தாள், அதற்கு முந்தின வருசத்தைப் பார்த்து போன வருசத்துத் தாள், இப்படி எத்தனையோ கை மாறி அந்த இரண்டு வரியும் ஆவுடைச்செல்வியின் கைக்கு வந்திருந்தன.

அந்த வருசம் மேலிடத்திலிருந்து புதிய மென்பொருள் ஒன்று வந்தது. எல்லா வரியையும் வாங்கிக்கொண்ட கம்ப்யூட்டர், அறுபத்து மூன்றில் மட்டும் சிவப்பாகிச் சிவப்பாகி நின்றது. ஆவுடைச்செல்வி தாளைக் கிட்டே வைத்துப் பார்த்தாள், சிரித்துவிட்டாள்.

“என்ன மேடம் சிரிக்கிய?” என்றான் எதிர் மேசையிலிருந்த பில் கலெக்டர் தர்மராசு.

“செலவுப் பக்கத்துல செலவுன்னு ஒரு வரி, தர்மராசு. யாரோ தூக்கக் கலக்கத்துல எழுதிருக்கான். அதை நாம நூறு வருசமா பாத்துப் பாத்து எழுதிட்டு வாறோம்.”

அவள் அந்த வரியை அழித்தாள். கம்ப்யூட்டர் பச்சையானது. வரவுப் பக்கத்து ஒரு ரூபாயைக் கம்ப்யூட்டர் ஒன்றும் சொல்லவில்லை, அதனால் அவளும் அதைத் தொடவில்லை. அடிக்கூட்டலில் ஒரு ரூபாய் மிஞ்சியது. ஏழுமடையின் முதல் உபரி பட்ஜெட் இது என்று தலைவர் வெள்ளப்பாண்டி மன்றத்தில் அறிவித்தார். பட்ஜெட்டை வாசித்ததாகக் கொண்டு பதினைந்து பேரும் கையெழுத்துப் போட்டார்கள். ஆளுக்கு ஒரு லட்டும் ஒரு பொட்டலம் மிக்சரும் கொடுத்தார்கள்.

ஏப்ரல் ஒன்றாம் தேதி காலை ஆறு பத்துக்குத் தென்காசி போகிற முதல் பஸ் ஓடைப் பாலத்தில் ஏறியது, பாலத்தில் இருந்து இறங்கியது, இறங்கியபோது அதன் முகம் ஏழுமடையைப் பார்த்திருந்தது. டிரைவர் திருப்பிக்கொண்டு மறுபடியும் ஏறினார். மறுபடியும் ஏழுமடை. மூன்று தடவைக்குப் பிறகு கண்டக்டர், போகிற டிக்கெட்டையே வருகிற டிக்கெட்டாக வைத்துக்கொள்ளலாமா, புதுசாகக் கிழிக்க வேண்டுமா என்று டெப்போவுக்குப் போன் போட்டுக் கேட்டார். வயல் வழியாகப் போனவன் வரப்பு முடிகிற இடத்தில் தன் வீட்டுக் கொல்லையைப் பார்த்து நின்றான், ஓடைத் தண்ணீரில் இறங்கிப் போனவன் இறங்கின படித்துறையிலேயே ஏறினான், காட்டு வழி போனவன் ஆட்டு மந்தைக்குப் பின்னால் ஊர் திரும்பினான். வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு தடையும் இல்லை. பால்காரர் வந்தார், பைனான்ஸ்காரர் வந்தார், மீன்கூடைக்காரி வந்தாள். வந்தவர்கள் வந்தவர்கள்தான்.

ஆவுடைச்செல்வி அன்றைக்கே பதிவறையைத் திறந்து, பூச்சி அரித்த பழைய பேரேடுகளை ஒவ்வொன்றாக இறக்கி, எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த முதல் பேரேட்டைத் தூசி தட்டிப் பார்த்தாள். அதில் மட்டும் அந்த வரி முழுசாக இருந்தது. ‘செலவு, அதாவது ஊரைவிட்டுச் செல்வோர் செல்லும் பொருட்டு, ரூபாய் ஒன்று.’ அடுத்த வருசத்து எழுத்தர் கை வலித்து ‘செலவு, செல்வோர் பொருட்டு’ என்று சுருக்கியிருந்தார். அதற்கடுத்தவர் ‘செலவு’ என்று சுருக்கியிருந்தார். செல்லுதல்தான் செலவு என்று அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் யாரோ சொல்லிக் கொடுத்தது அப்போது ஞாபகம் வந்தது. அவள் பேரேட்டை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அவளுடைய மகள் இசக்கிப்ரியா வெளியே இருந்தாள். ஆவுடைச்செல்வியின் புருசன் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். பிள்ளை நல்ல பள்ளிக்கூடத்தில் படிக்கட்டும் என்று புருசனின் தங்கை சங்கரவடிவின் வீட்டில், தென்காசியில் விட்டிருந்தார்கள். ஏழாம் வகுப்பு. சனிக்கிழமை வந்து ஞாயிறு சாயங்காலம் போகிற பிள்ளை.

டெலிபோன் கட்டணத்துக்குப் பட்ஜெட்டில் தலைப்பு, அதாவது தனி வரி, இருந்ததால் போன் வேலை செய்தது. வெளியே மாட்டிக்கொண்ட செயல் அலுவலரை ஆவுடைச்செல்வி கூப்பிட்டுச் சொன்னாள். அவர் பொறுமையான மனுசர்.

“தலைப்பு இருந்து காசு இல்லன்னா வேற தலைப்புல இருந்து மாத்திக்கலாம்மா. காசு இருந்து தலைப்பு இல்லன்னா ஒண்ணும் பண்ண முடியாது. அதுக்குத்தான் அந்தக் காலத்துல ஒத்த ரூவாயாவது போட்டு வைப்பாங்க. கதவை ஒரு கல்லை வச்சு லேசாத் திறந்து வச்சிருக்க மாதிரி.”

“துணை பட்ஜெட் போடலாமே சார்.”

“தாராளமாப் போடலாம். மன்றத் தீர்மானத்தோட அசல், கையெழுத்தும் சீலும் வச்சு இங்க ஆபீசுக்கு வந்து சேரணும்.”

“அதை யாரு சார் கொண்டாருவா?”

போனில் அவர் விதிப் புத்தகத்தைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. “அடுத்த பட்ஜெட்லதாம்மா பாக்கணும், அது கம்ப்யூட்டர்லயே இங்க வந்துரும், சிவப்பானா நான் பச்சையாக்கிடறேன்,” என்றார் அவர். “ஒரு வருசந்தான.”

ஒரு வருசந்தான என்று ஊரும் சொல்லிக்கொண்டது. முதல் வாரம் பாலத்தருகே கூட்டம் நின்றது, இரண்டாம் வாரம் அந்தக் கூட்டத்துக்கு ஒருவர் சுக்குக் காபி விற்றார், மூன்றாம் வாரம் காபிக்காரர் மட்டும் நின்றார். அரிசி லாரிகள் பாலத்தின் அந்தக் கரையிலேயே நின்று மூட்டைகளைச் சறுக்கி விட்டன. மாட்டிக்கொண்ட பஸ்ஸைப் பேரூராட்சி ஊருக்குள்ளேயே ஓட விட்டது, வடக்குத் தெருவிலிருந்து தெற்குத் தெருவுக்கு ஐந்து ரூபாய். பைனான்ஸ்காரர் கடன்காரர்களுக்கு நடுவிலேயே ஒரு வீடு பிடித்துக் குடியேறி, இட்லிக் கடை போட்டு, அவர்களுக்கே கடனுக்கு இட்லி கொடுத்தார். ஓடிப் போவதாக இருந்த காதலர்களுக்கு ஓட இடமில்லாததால், அவர்களைத் துரத்த நினைத்தவர்களுக்கும் வேலையில்லாமல் போய், இரண்டு கல்யாணம் நடந்தது. ‘அவிய வெளியூர் போயிருக்காவ’ என்கிற பொய் ஊரைவிட்டே ஒழிந்தது. வீட்டுவரி கேட்டு தர்மராசு போனால் எல்லோரும் வீட்டில் இருந்தார்கள். அந்த வருசம் வரி நூற்றுக்கு நூறு வசூலானது.

ஞாயிற்றுக்கிழமை தோறும் பத்து மணிக்கு சங்கரவடிவு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பாலத்தின் அந்தக் கரைக்கு வருவாள். முப்பது அடிப் பாலம். ஆவுடைச்செல்வி இந்தக் கரையில் நிற்பாள். முப்பது அடிக்கு அந்தப் பக்கம் பிள்ளை வளர்ந்துகொண்டிருந்தது. பாவாடை ஒவ்வொரு மாதமும் ஒரு விரற்கடை மேலே ஏறியது.

“நான் உள்ள வந்துருதேம்மா,” என்று இசக்கிப்ரியா கத்துவாள்.

“அந்த வெள்ளைக் கோட்டைத் தாண்டுன, காலை ஒடிச்சிருவேன்.”

“ஒடிக்கதுக்கு நீ இங்க வரணும்லா.”

இதைச் சொல்லிவிட்டு இரண்டு பேரும் சிரிப்பார்கள். உள்ளே ஒரு தொடக்கப் பள்ளிக்கூடம்தான் இருந்தது. உள்ளே வந்த பிள்ளை உள்ளே வந்த பிள்ளைதான்.

வெளியே போகிறதற்கு வழி இருக்கிறது என்று முதலில் கண்டுபிடித்தவர் துப்புரவு மேற்பார்வையாளர் மரியசிலுவை. அவர் நாய் வண்டியை ஓட்டிக்கொண்டு பாலத்தில் ஏறினார், வண்டி பாட்டுக்கு அந்தப் பக்கம் இறங்கிப் போனது. நாய்க்குத் தலைப்பு இருந்தது, வண்டிக்கும் டிரைவருக்கும் அந்தத் தலைப்புக்குள் இடம் இருந்தது. நாய்களை விட்டுவிட்டு அவர் திரும்பி வந்து, டீக்கடையில் இதைச் சாதாரணமாகச் சொன்னார். மறுநாள் காலை நாய் வண்டிக்கு முன்னால் பதினேழு பேர் வரிசையில் நின்றார்கள்.

தையல்காரர் சண்முகக்கனிதான் முதலில் போனவர். கடையநல்லூரில் அவருடைய மனைவி பிரசவத்துக்குப் போயிருந்தாள். ஆவுடைச்செல்வி பதிவேட்டில் ‘நாய், கறுப்பு, ஒன்று’ என்று எழுதினாள், அவர் பாலம் கடந்தார். மனைவி அவரை அன்பாகத்தான் வரவேற்றாள். ஆனால் சாப்பாட்டை ஒரு தட்டில் போட்டு வாசலுக்கு வெளியே வைத்தாள். ஏன் அப்படி வைத்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை. பிள்ளையைத் தூக்க அவர் கை நீட்டியபோது மாமியார், ‘சூ, அங்குட்டுப் போ,’ என்றாள். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவர் ஊருக்கே திரும்பி வந்தார். வரவு திறந்துதான் கிடந்தது. ஆனால் அவர் நாற்பதில் ஒன்றாகச் செலவு எழுதப்பட்டவர். சொந்தக் கடையின் தையல் மெசினுக்கு அடியில் சுருண்டு படுத்துக்கொண்டார், தெருக்காரர்கள் அவருக்கு மிச்சச் சோறு வைத்தார்கள். இதைப் பார்த்த பிறகும் ஆகஸ்டுக்குள் நாற்பது உருப்படியும் தீர்ந்துவிட்டன. குப்பைத் தலைப்பில் போக மூன்று பேர்தான் துணிந்தார்கள். அவர்களைப் பற்றி ஊரில் பேசுவதில்லை.

சுடுகாடும் பாலத்துக்கு அந்தப் பக்கம்தான் இருந்தது. பிரேதங்களுக்கான மூன்று உருப்படியில் ஒன்று, மே மாதம் பஸ் நிலையத்தில் செத்துக் கிடந்த ஊர் பேர் தெரியாத கிழவருக்குப் போனது. சொந்தக்காரர்கள் இருக்கிற பிணத்துக்குத் தலைப்பு இல்லை, அதனால் ஊர் தன் பிணங்களை வற்றின குளத்தில் புதைத்தது. புரட்டாசியில் பலசரக்குக் கடை ஐயம்பெருமாளின் ஆத்தா செத்தாள். புருசன் பக்கத்தில்தான் தன்னைப் புதைக்க வேண்டும் என்று சாகிறதற்கு முன்னால் சொல்லியிருந்தாள். மகன்கள் ஐந்து பேரும் அலுவலகத்துக்கு வந்து, வரிசையாக நின்று, ‘இந்த அம்மாள் யாரென்று எங்களுக்குத் தெரியாது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். மரியசிலுவையின் டிராக்டர் பிணத்தோடு பாலம் கடந்தது. அது சுடுகாட்டுப் பாதையில் பாதி போனபோது, இந்தக் கரையில் நின்ற கடைசி மகன் தாங்க முடியாமல், ‘ஆத்தா’ என்று ஒரு சத்தம் கொடுத்தான். டிராக்டர் காலியாகிவிட்டது. ஆத்தா வீட்டில், கட்டிலில், பழையபடி கையைக் கட்டிக்கொண்டு கிடந்தாள். உரிமை கோரியாயிற்று, ஆகையால் செலவு ரத்து. மறுநாள் ஐந்து பேர் வாயிலும் துண்டைக் கட்டிவிட்டுத்தான் அவளைக் கொண்டு போக முடிந்தது.

மூன்றில் மிச்சம் ஒன்று. ஆவுடைச்செல்வி அந்த மிச்சத்தைத் தினமும் பார்ப்பாள், பார்த்துவிட்டுப் பதிவேட்டை மூடி வைப்பாள்.

மாசி பிறந்ததும் அடுத்த வருசத்துப் பட்ஜெட் வேலை ஆரம்பமானது. தலைவர் வெள்ளப்பாண்டி அவள் மேசைக்கே வந்து உட்கார்ந்தார். கெட்ட மனுசர் இல்லை. வெளிநாடு போவதற்கு விசா வாங்கி வைத்திருந்த இரண்டு மகன்களும் இந்த ஒரு வருசமாக வீட்டில் அவரோடு உட்கார்ந்து மத்தியானம் சாப்பிடுகிறார்கள்.

“ஆவுடை, அந்த அறுவத்திமூணாவது வரி.”

“போட்டுருதேன் அண்ணாச்சி. முதல் வேலையே அதுதான்.”

“போட வேண்டாம்னு சொல்லத்தான் வந்தேன்.”

மேலே மின்விசிறி முனகியது. அவர் விரல் விட்டு எண்ணினார். வரிப் பாக்கி இல்லை, கடைகளில் வியாபாரம் பிய்த்துக்கொண்டு போகிறது, போன வருசம் இருந்த ஆள் இந்த வருசமும் இருக்கிறார். “உறுப்பினர்கிட்ட எல்லாம் பேசியாச்சு. இன்னும் ஒரு வருசம் இப்படியே இருக்கட்டுங்காவ.”

“எம்பிள்ள வெளிய இருக்கு அண்ணாச்சி.”

“உள்ள கூப்பிட்டுக்க. வரவு தொறந்துதான கெடக்கு.”

அவர் அதை நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். எழுந்து போகும்போது, “முடியலன்னா சொல்லிரு, தர்மராசு டைப் அடிச்சிருவான். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை மன்றம்,” என்றார்.

ஆவுடைச்செல்வி தாளை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டாள். பட்ஜெட்டை யாரும் வாசிப்பதில்லை, வாசித்ததாகக் கொள்வார்கள். எழுதுகிற கை தன் கையாக இருந்தால் போதும், நூற்றுப் பதினொரு வரிக்கு நடுவில் ஒரு வரியை உள்ளே வைத்துவிடலாம். தர்மராசுவின் கை என்றால் அந்த வரி அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை இந்த நாற்காலியில் நான் இருந்தால் சரி என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தபோதே போன் அடித்தது.

“மதினி, நல்ல சேதிதான்,” என்றாள் சங்கரவடிவு. “பிள்ள பெரியவளாயிட்டா. ஞாயித்துக்கிழமை சடங்கு வச்சிருக்கோம். நீங்க கவலைப்படாதிய, நான் எல்லாம் பாத்துக்கிடுதேன்.”

பிறகு பிள்ளை போனை வாங்கினாள். மெதுவாகப் பேசினாள். “நீ வராம நான் மணையில உக்கார மாட்டேன்.”

“நான் எப்படிளா வர?”

“எனக்குத் தெரியாது. நீதான எழுதுவ எல்லாத்தையும்.”

ஆவுடைச்செல்வி அன்று முழுக்க யோசித்தாள். சாயங்காலம் மறுபடி போன் போட்டு, பிள்ளைக்குப் பட்ஜெட்டைச் சொல்லிக் கொடுக்கிற மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னாள். நான் வருவேன். வரும்போது யாருக்கும் என்னைத் தெரியாது, அத்தைக்கும் தெரியாது. உனக்குத் தெரிந்தாலும் தெரிந்த மாதிரிக் காட்டாதே. அம்மா என்று கூப்பிட்டால் அந்த நிமிசமே நான் இங்கே வந்து விழுந்துவிடுவேன். எல்லாம் முடிந்த பிறகு நானே சொல்லுவேன், அப்போது கூப்பிட வேண்டும், கட்டாயம் கூப்பிட வேண்டும். மார்ச் முப்பத்தொன்று தாண்டினால் கணக்கு மூடிவிடும், அதற்கப்புறம் எழுதினது எழுதினதுதான், நீ தொண்டை கிழியக் கத்தினாலும் நான் யாரோதான்.

பிள்ளை எல்லாவற்றையும் கேட்டாள். “சரி,” என்றாள். “பச்சைச் சேலை கட்டிட்டு வா.”

ஞாயிற்றுக்கிழமை காலையில் சிலுவை டிராக்டரைக் கழுவி, தொட்டியில் புது ஓலை விரித்து வைத்திருந்தார். அவள் பச்சைச் சேலையோடு வந்து, பதிவேட்டை அவர் மடியில் வைத்தாள். தன்னைத் தானே எழுதக் கை வரவில்லை.

“பேரு?” என்றார் சிலுவை.

“பேர் தெரியாத பெண்.”

“வயசு?”

“சுமார் முப்பத்தெட்டு.”

“முப்பத்தஞ்சு போட்டுக்கிடட்டா? யாரு கேக்கப் போறா?”

“அண்ணாச்சி, கேலி பண்ணாதிய.”

“சரி தங்கச்சி,” என்று சொல்லிவிட்டு அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். “இனும அப்படிக் கூப்பிடக் கூடாதுல்லா.”

“ஒண்ணும் கூப்பிடாதிய. வண்டிய எடுங்க.”

அவள் ஓலையில் படுத்துக்கொண்டு கண்ணை மூடினாள். டிராக்டர் பாலத்தில் ஏறுவது முதுகில் தெரிந்தது, ஓடைக் காற்று முகத்தில் பட்டது, சக்கரம் இறங்கியது, எங்கும் திரும்பாமல் நேரே போனது. ஒரு வருசத்துக்குப் பிறகு அவள் உடம்பு ஊருக்கு வெளியே இருந்தது. அவளுக்கு அழுகை வரவில்லை. உரிமை கோரப்படாதவர்களுக்கு அழுகை வருவதில்லை போலிருக்கிறது.

சுடுகாட்டு முனையில் இறங்கி அவள் பஸ் ஏறிப் போனாள். தென்காசியில் சங்கரவடிவின் வீட்டு வாசலில் வாழைமரம் கட்டி, ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டிருந்தார்கள். சங்கரவடிவு பன்னீர் தெளித்து, “வாங்க, நீங்க மாமன் வழிச் சொந்தமா, பக்கத்துத் தெருவா?” என்று கேட்டாள். “பக்கத்து ஊரு,” என்றாள் ஆவுடைச்செல்வி. சிவகாசியிலிருந்து தாய்மாமன் சீர்த்தட்டோடு வந்திருந்தான், அவளுடைய சொந்தத் தம்பி. அவளைப் பார்த்து ஒதுங்கி வழிவிட்டு, “போங்கக்கா,” என்றான், எல்லாப் பெண்களையும் சொல்கிற மாதிரி. சொந்தம் கோராத அக்காவாக இருந்ததால் ஒன்றும் ஆகவில்லை.

மணையில் இசக்கிப்ரியா பட்டுச் சேலையில் உட்கார்ந்திருந்தாள். நெற்றிச்சுட்டி கொஞ்சம் கோணலாக இருந்தது. பிள்ளைகளின் கண் எந்தப் பட்ஜெட்டையும் படித்ததில்லை. வாசலில் பச்சை தெரிந்ததுமே அவள் முகம் அங்கே போய், உடனே தட்டிலிருந்த பழத்துக்குத் திரும்பிவிட்டது.

“பெத்தவ எங்க?” என்று ஒரு கிழவி சத்தமாகக் கேட்டாள்.

“அவிய ஊருக்குள்ள மாட்டிக்கிட்டாவல்லா,” என்றாள் சங்கரவடிவு. “பாவம், கொடுத்து வைக்கல.”

பெண்கள் வரிசையாகப் போய்ப் பிள்ளையின் கன்னத்தில் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தார்கள். ஆவுடைச்செல்வியும் வரிசையில் நின்றாள், முன்னால் பதினோரு பேர், பிறகு ஆறு பேர், பிறகு அவள். அவள் சந்தனத்தைத் தொட்டாள். முப்பது அடி தூரத்தில் ஒரு வருசம் பார்த்த கன்னம் விரலுக்குக் கீழே சூடாக இருந்தது, அதில் புதுசாக ஒரு பரு வந்திருந்தது. கோணல் சுட்டியை நேராக்கினாள். பிள்ளை சேலைத் தலைப்புக்குக் கீழே அவள் கட்டை விரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. வாய் திறந்தது, மூடிக்கொண்டது.

“சீக்கிரம் நகருங்கம்மா, பின்னால ஆளு நிக்குல்லா,” என்றது கூட்டம்.

பந்தியில் சாப்பிட்டாள். மொய் எழுதுகிற மேசைக்குப் போய் நூற்று ஒரு ரூபாய் வைத்தாள்.

“பேரு?” என்றார் மொய்க்காரர்.

“பேரு வேண்டாம்.”

“பேரில்லாம எப்படிம்மா எழுத? அந்த ஒத்த ரூவாயாவது யாரு பேர்ல சேர்க்க?”

“பிள்ளை பேர்ல சேருங்க.”

நாலு மணிக்குப் பந்தல் காலியானது. மாமன் வேன் ஏறினான், கிழவி தூங்கிவிட்டாள், சங்கரவடிவு கொல்லையில் பாத்திரக்காரனோடு எண்ணிக்கைச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். வாசலில் ஆவுடைச்செல்வி மட்டும் நின்றாள். இசக்கிப்ரியா தாம்பூலப் பையைக் கொண்டு வந்து கொடுத்தாள், வந்தவர்களுக்கெல்லாம் கொடுக்கிற மாதிரி, இரண்டு கையாலும்.

“நான் கூப்பிடலன்னா நீ இங்கயே இருக்கலாம்லா?” என்றாள் மெதுவாக.

“இருக்கலாம். பக்கத்துல ஒரு வீடு பாத்துக்கிட்டு, தெருவுல போற வார பொம்பளையா இருக்கலாம். தினமும் உன்னைப் பாக்கலாம்.”

“நல்லாத்தான இருக்கு.”

“வெள்ளிக்கிழமை மன்றம். நான் நாற்காலில இல்லன்னா அந்த வரிய எழுத ஆளில்லை. செத்தவ கையெழுத்து செல்லாது.”

பிள்ளை பெரியவளாகிவிட்டாள் என்று காலையிலிருந்து எல்லோரும் சொன்னார்கள். இப்போதுதான் ஆவுடைச்செல்விக்கு அது தெரிந்தது, ஏனென்றால் பிள்ளை அழாமல் கணக்குப் போட்டாள்.

“எத்தனை நாளு?”

“இருவத்திமூணு. ஏப்ரல் ஒண்ணு காலையில ஆறு பத்து பஸ்ஸுக்கு.”

“எழுதிருவியா? அவிய விடுவாவளா?”

“தெரியல.”

“பொய் சொல்லக் கூடாதா, எழுதிருவேன்னு?”

“உங்கிட்டயா?” என்றாள் ஆவுடைச்செல்வி. “நான் திரும்பி நடக்கேன். அந்தக் கரண்டு கம்பம் வரைக்கும் நடந்து போறதைப் பாத்துக்க. அப்புறம் கூப்பிடு.”

அவள் திரும்பி நடந்தாள். தெருவில் வெயில் சாய்ந்திருந்தது. வாழை இலை தின்னுகிற ஒரு மாடு தவிர யாரும் இல்லை. கம்பம் வந்தது. ஒன்றும் கேட்கவில்லை. கம்பத்தைத் தாண்டி ஒரு அடி வைத்தாள், இன்னொரு அடி வைத்தாள், கூப்பிடாமலே விட்டுவிட்டாளோ என்று அவளுக்குப் பயமாகவும் ஆசையாகவும் இருந்தது. மூன்றாவது அடிக்குக் காலைத் தூக்கியபோது முதுகுக்குப் பின்னால் அந்த வார்த்தை வந்தது, சத்தமாக இல்லை, பாடத்தில் வருகிற வார்த்தையைச் சொல்கிற மாதிரி நிதானமாக.

“அம்மா.”

தூக்கின காலை அவள் கீழே வைத்தபோது கீழே இருந்தது ஏழுமடைப் பாலத்தின் இந்தக் கரைத் தார். பின்னால் முப்பது அடிப் பாலமும் அதற்கப்பால் யாருமில்லாத ரோடும் கிடந்தன. தாம்பூலப் பை கையிலேயே இருந்தது, வரவுக்குத் தடையில்லை. பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்த சிலுவை எழுந்து, பதிவேட்டைத் திறந்து, பேர் தெரியாத பெண்ணை ஒரு கோடு போட்டு அடித்தார்.

“வா தங்கச்சி. பிள்ள நல்லா இருக்கா?”

“நல்லா இருக்கா.” இப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. சிலுவை பீடி முடிகிற வரைக்கும் ஓடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒரு சமாச்சாரம்,” என்றார் பிறகு. “தலைவருக்கு உம்மேல சந்தேகம் வந்துட்டு. இந்த வருசம் பட்ஜெட்டை நீ வரி வரியா சத்தம் போட்டு வாசிக்கணும்னு சொல்லிருக்காவ. ஒளிச்சு வைக்க முடியாது பாத்துக்க.”

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். நூற்றுப் பதினொரு வரி. அது செலவு, இது செலவு, தெருவிளக்குச் செலவு, கொசுமருந்துச் செலவு, நாய் பிடிக்கிற செலவு. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, மின்விசிறிக்குக் கீழே, பதினைந்து பேர் லட்டுக்குக் காத்திருக்கிற நேரத்தில், நடுவிலே ஒரு குரல் செலவு ரூபாய் ஒன்று என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போனால், படித்துப் படித்து எழுதின தன் காதிலேயே விழாத வார்த்தை வேறு யார் காதில் விழும்? விழுந்தாலும் விழலாம். தலைவருக்கு நல்ல காது.

“வாசிக்கச் சொன்னா வாசிச்சிருவோம் அண்ணாச்சி,” என்றாள்.

சிலுவை டிராக்டரை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். அவள் தாம்பூலப் பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு, யாருக்கும் உறைக்காத ஒரு குரலைத் தேடி, அந்த ஒரு வரியை மெதுவாகவும் வேகமாகவும் கொட்டாவி விடுகிற மாதிரியும் வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே, ஊருக்குள் நடந்து போனாள்.